கேம் கம்பெனி வேலையா, சாதா ஐ.டி. வேலையும் சொந்த கேமுமா?

பொறியியல் கலந்தாய்வு நெருங்கும் சமயத்தில் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி: "அண்ணே, எனக்கு கேம்னா உசுரு. கேம் செய்யுற வேலைக்கே போயிரவா?" இதற்கு நடுநிலையான பதில் என்னிடம் கிடையாது. நான் முதலில் ஒரு கேம் ஸ்டுடியோவில் புரோகிராமராக இருந்தேன். இப்போது வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் வேலை. ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கோட்டையூர் வீட்டில் உட்கார்ந்து சொந்தமாகச் சின்ன கேம் செய்கிறேன். என் சாய்வு இரண்டாவது வழிக்குத்தான். அதற்குப் பெரிய காரணம் ஒன்றே ஒன்று. மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

விளையாடுவது வேறு, செய்வது வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கதாபாத்திரம் படியேறும்போது கால் படிக்குள் புதைகிறது என்றால், அந்தப் படியையே நாள் முழுக்க ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். வேலை நேரமும் பெரிய வித்தியாசமில்லை. வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் ஸ்டுடியோவில் வீட்டை மறந்துவிடலாம். வங்கி மென்பொருளில் நிதியாண்டு முடியும் மார்ச் கடைசியில் அதே கதைதான். ஆரம்பச் சம்பளத்திலும் பெரிய ஏற்றத்தாழ்வை நான் பார்க்கவில்லை. ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் ஐ.டி. பக்கம் மேலே போகிறது. அதுவும் என்னோடு வேலை பார்த்தவர்களை வைத்துச் சொல்வது. ஊர் விஷயம் மட்டும் கொஞ்சம் உறைக்கும். ஸ்டுடியோ என்றால் பெங்களூரு, புனே, ஹைதராபாத், கொஞ்சம் சென்னை. சாதா ஐ.டி.யில் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து பார்க்க விட்டால், பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்துபோய்ச் சமாளிக்கலாம்.

ஸ்டுடியோவுக்கு உரிய பெருமையையும் சொல்லத்தான் வேண்டும். விநாடிக்கு 60 படம் ஓட வேண்டும் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.6 மில்லிவிநாடி. கை எங்கே தொட்டது, எது எதோடு மோதியது, எதை வரைவது, என்ன சத்தம் என்று எல்லாமே அதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் திரை திக்கும். எங்கள் மேஜையில் விலை குறைந்த பழைய போன்கள் வரிசையாகக் கிடக்கும். புதிய போனில் வெண்ணெய் மாதிரி ஓடுவது அவற்றில் நொண்டும். எந்த வரி எத்தனை நேரத்தைத் தின்கிறது என்று அங்கே கற்றுக்கொண்ட அளவுக்கு வேறெங்கும் நான் கற்றதில்லை. பக்கத்து இருக்கையில் அனிமேஷன் செய்பவர், எதிரே ஒலி அமைப்பவர். தனியாக கேம் செய்பவனுக்கு அந்தச் சகவாசம் கிடைக்கவே கிடைக்காது.

சரி, இனி அந்த ஒரு காரணம்.

இந்தச் சீமையில் என்ன வேலை என்று சொன்னாலும் பெரியவர்களின் கவலை மாதச் சம்பளத்தோடு நிற்பதில்லை. பர்மா, மலாயா என்று கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் நடத்த, போனவர்களின் ஊர்கள் இவை. மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது கையில் என்ன நிற்கிறது என்று பார்த்தே பழகியவர்கள். நான் ஸ்டுடியோவில் சேரப்போவதைச் சொன்னபோது பெரியப்பா கேட்டார்: "சரிப்பா, அந்தக் கம்பெனி இல்லேன்னா ஒன் வித்தைய வேற எவன் வாங்குவான்?" கேம் என்றால் அவருக்குச் சீட்டாட்டம்தான் தெரியும். ஆனாலும் இரண்டு வழிகளையும் பிரிக்கிற கேள்வி அதுதான்.

நகையை விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் கணக்கில் வராது. தங்கத்தின் எடைக்குத்தான் காசு. ஸ்டுடியோ அனுபவத்தையும் வெளிச்சந்தை அப்படித்தான் எடைபோடுகிறது. எந்தக் கட்டத்தில் எதிரியை எத்தனை நொடி தாமதித்து விட்டால் ஆடுபவருக்கு எரிச்சல் வராது, எங்கே ஒரு நாணயத்தை வைத்தால் கை தானாக அங்கே போகும் என்பதெல்லாம் அருமையான வித்தை. கேமின் கட்டங்களை வடிவமைக்கும் லெவல் டிசைனர் ஒருவர் பல வருஷம் பட்டுப் பழகுவது அது. இன்னொரு கேம் கம்பெனியைத் தவிர வெளியே அதற்கு விலை சொல்ல ஆள் இல்லை. சர்வர் பக்கம் வேலை பார்ப்பவர் கதை வேறு: பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஆடும்போது சாயாமல் தாங்கும் நிரலை எழுதத் தெரிந்தவரை எந்த ஐ.டி. கம்பெனியும் எடுத்துக்கொள்ளும். சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில், கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான என்ஜினின் அடிமட்டம் வரை போனவருக்கும் கார், கேமரா, மருத்துவக் கருவி என்று இடம் உண்டு. டெஸ்டிங்கில் இருப்பவர் தானியங்கிச் சோதனை எழுதக் கற்றிருந்தால் தப்பிப்பார். கையால் ஆடிப் பார்த்துத் தவறு குறித்துக் கொடுப்பதோடு நின்றிருந்தால் கஷ்டம்.

நடுவில் மாட்டுவது, கதாபாத்திரம் எப்படி ஓட வேண்டும், குதிக்க வேண்டும் என்று நிரல் எழுதும் என்னைப் போன்ற கேம்ப்ளே புரோகிராமர்கள்தான். நான் வங்கி மென்பொருள் நேர்காணலுக்குப் போனபோது, மாதக்கணக்கில் செதுக்கிய கதாபாத்திர இயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேட்டாபேஸில் இண்டெக்ஸ் எப்படி வேலை செய்கிறது, இரண்டு பரிவர்த்தனை ஒன்றையொன்று பூட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்றே கேள்வி போனது. ஸ்டுடியோவில் யாரும் தொட விரும்பாத மதிப்பெண் பட்டியல் சர்வர் என் தலையில் கட்டப்பட்டிருந்தது. அன்றைக்குக் கை கொடுத்தது அதுதான். இன்னொரு சங்கடம்: நாங்கள் செய்துகொண்டிருந்த கேம் பாதியில் நிறுத்தப்பட்டது. வெளியே வராத கேமைக் காட்டவும் முடியாது, அதைப் பற்றிப் பேசவும் ஒப்பந்தம் விடாது. அந்தக் காலத்துக்கு என் விண்ணப்பத்தில் இருப்பது கம்பெனி பெயரும் தேதியும்தான்.

வேறு இடம் தேட வேண்டிய நிலை ஏன் வரும் என்று கேட்கலாம். 2024 ஜனவரியில் மட்டும் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. கேம் என்ஜின் செய்யும் யூனிட்டி ஏறக்குறைய 1,800 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. நம் நாட்டில் அடி வேறு விதமாக விழுந்தது. ரம்மி, ஃபேன்டஸி கிரிக்கெட் என்று பணம் கட்டி ஆடும் செயலிகள் நிறைய புரோகிராமர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்துவந்தன. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் அந்த வகையையே தடை செய்தது. தடை சரியா தப்பா என்பது வேறு பேச்சு. இந்தப் பக்கத்தில் ரம்மியால் குடும்பத்தையே கவிழ்த்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஒரு சட்டத்தால் வேலை போகும் என்பதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். சாதா ஐ.டி.யிலும் ஆட்குறைப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அங்கே ஒரு கதவு மூடினால் தட்டுவதற்கு அதே தெருவில் வேறு கதவுகள் இருக்கின்றன.

கருவிக்கும் இதே கதி நேரலாம். 2023 செப்டம்பரில் யூனிட்டி, வருமானத்திலும் நிறுவல் எண்ணிக்கையிலும் ஒரு வரம்பைத் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வொரு புதிய நிறுவலுக்கும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தளர்த்தி, ஒரு வருஷம் கழித்து அடியோடு கைவிட்டது. அந்த இடைவெளியில் கோடோ என்ற இலவச என்ஜினுக்கு மாறியவர்களில் நானும் ஒருவன். எனக்கு அது ராத்திரி வேலை, மெதுவாக மாறிக்கொண்டேன். அதையே சோறாக வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சில நாள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி சுகமான வழி என்று நினைத்துவிட வேண்டாம். நான் இப்போது செய்வது ஆத்தங்குடிப் பூத் தரைக்கல் வார்க்கிற ஒரு புதிர் கேம். கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம், அதற்குள் வடிவ அச்சு, ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம். அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும். கண்ணாடியைத் தொடும் பக்கம்தான் கடைசியில் தரையின் மேல்முகம், ஆகவே பூவைத் தலைகீழாக யோசிக்க வேண்டும். அதுதான் புதிர். இதற்காகப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். அச்சைத் தூக்கும் கை ஒரு நூல் அசைந்தாலும் நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. அந்த நடுக்கத்தைத் தொடுதிரையில் கொண்டுவருவதற்குள் உன்னைப் பிடி என்னைப் பிடி என்றாகிவிட்டது. எந்த ஸ்டுடியோவிலும் இதைச் செய்ய விட்டிருக்கமாட்டார்கள், சந்தை எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

சந்தை இல்லை என்பதும் உண்மைதான். விளம்பரத்தில் வருவது டீச் செலவுக்குச் சரியாகப் போகும். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரு தடவை 25 டாலர். கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலர். காசைவிடப் பராமரிப்புதான் தொல்லை. புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர், கேமைப் பொதுவில் விடுவதற்கு முன் 12 பேரை 14 நாள் விடாமல் சோதனையாளர்களாக வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் சொல்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர், அத்தை மகன், கணக்கு வாத்தியார் என்று ஆள் பிடித்தேன். "போன்ல இடம் இல்ல தம்பி, எடுத்துட்டேன்" என்று ஒருவர் விலகினால் இன்னொருவரைத் தேட வேண்டும். இதுபோக, வருஷத்துக்கு ஒருமுறை புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பக் கேமைப் புதுப்பிக்காவிட்டால் புதிய போன் வாங்குபவர்கள் கண்ணில் அது படாது. அசதியான ராத்திரிகளில் இதெல்லாம் தேவையா என்றுதான் தோன்றும்.

இந்த இடத்தில் எல்லோரும் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமைக் காட்டுவார்கள். எரிக் பரோன் ஒற்றை ஆளாக நாலு வருஷத்துக்கு மேல் செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டு, கோடிக்கணக்கில் விற்றது. அந்த வருஷங்களில் அவர் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்தார் என்பதையும், அவருடைய துணைவியின் சம்பாத்தியமும் சேர்ந்துதான் வீடு நடந்தது என்பதையும் காட்டுபவர்கள் குறைவு. அதுகூட என் கட்சிக்குத்தான் சாட்சி.

ஓவியம், முப்பரிமாண உருவம் செய்கிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. நான் அந்தப் பக்கம் வேலை பார்த்ததில்லை. கூட இருந்தவர்களைப் பார்த்த அளவில், அவர்கள் சினிமா விஎஃப்எக்ஸுக்கும் விளம்பரத்துக்கும் கட்டட வரைபடங்களுக்கும் சுலபமாக மாறிப் போனார்கள். அவர்களுக்கு ஸ்டுடியோ நல்ல பள்ளிக்கூடம். கிராபிக்ஸ் கணிதத்தில் வெறி உள்ள புரோகிராமரும் தாராளமாகப் போகலாம். வீட்டில் கடன், தங்கை கல்யாணம் என்று எதுவும் தலையில் இல்லாதவர் ஒரு மூன்று வருஷக் கணக்கு போட்டுப் போய்வரட்டும். ஆனால் நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்: போன இரண்டு வருஷத்தில் எத்தனை கேம் வெளியே வந்தது, அதில் புரோகிராமர் பெயர் போடுவீர்களா, சர்வர் பக்கமும் வேலை தருவீர்களா. மழுப்பினால் கிளம்பிவிடலாம்.

என் வழியில் வருகிறவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் நியமனக் கடிதத்தை முழுசாகப் படிக்க வேண்டும். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் கம்பெனிக்கே சொந்தம் என்றொரு பத்தி பல ஐ.டி. கம்பெனிக் கடிதங்களில் இருக்கும். வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் கணினியில் செய்யும் கேம் அதில் சேராது என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மேலாளர் அடுத்த வருஷம் வேறு கம்பெனியில் இருப்பார்.