யூ.எஸ்.பி. பிரிண்டரை எல்லோருக்கும் பகிர: விண்டோஸ் ஷேரிங்கா, கப்ஸ் (CUPS) மென்பொருளா?

எங்கள் ஆபீஸில் பில் போடும் கணினி விண்டோஸ், டிசைன் செய்பவரிடம் மேக், என்னிடம் உபுண்டு லினக்ஸ். மற்றவர்கள் போனிலிருந்தே பிரிண்ட் எடுக்கப் பார்ப்பார்கள். பிரிண்டரோ யூ.எஸ்.பி. மட்டுமே உள்ள எச்பி லேசர்ஜெட் 1020. வைஃபை பிரிண்டர் வாங்கக் கையில் காசு இருந்தால் வாங்கிவிடுங்கள், இந்த அலசலே தேவைப்படாது. ஓடுகிற பிரிண்டரைத் தூக்கிப் போட மனம் வராதவர்களுக்குத்தான் இது.

ரூட்டரின் யூ.எஸ்.பி. போர்ட்டில் செருகுவதும் ஒரு வழிதான். எல்லா ரூட்டரிலும் அந்த வசதி இருக்காது. இருந்தாலும் ஒவ்வொரு கணினியிலும் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) போட்டாக வேண்டும். அதை விட்டுவிடுவோம்.

விண்டோஸ் ஷேரிங் சுலபம். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ஷேர் என்று டிக் செய்தால் முடிந்தது. எல்லாமே விண்டோஸ் என்றால் இதுவே போதும், வேறெதற்கும் மெனக்கெட வேண்டாம். ஆனால் அந்தக் கணினி தூங்கினால் எல்லோருக்கும் பிரிண்ட் நின்றுவிடும். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு மைக்ரோசாஃப்ட் விதிகளை இறுக்கியதில், பகிரும் கணினியிலிருந்து டிரைவரை இறக்கவே அட்மின் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. போனிலோ இந்த ஷேர் கண்ணிலேயே படாது.

நான் போய்ச் சேர்ந்தது கப்ஸிடம், அதாவது லினக்ஸில் பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் மென்பொருளிடம். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றில் கப்ஸும், பிரிண்டர் இருப்பதை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹியும் போட்டு, பிரிண்டரை அதில் செருகியாயிற்று. கப்ஸ் 1999இலிருந்து இருக்கிறது. 2007இல் ஆப்பிள் வாங்கியது. மேக்கின் உள்ளே பிரிண்ட் வேலை பார்ப்பதும் இதுதான்.

முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: டிரைவர் எங்கே இருக்கிறது? விண்டோஸ் ஷேரிங்கில் சாதாரணமாக ஒவ்வொரு கணினியிலும் இந்த மாடலின் டிரைவர் வேண்டும். புது லேப்டாப் வந்தால், விண்டோஸ் மாறினால், மறுபடி தேடல். கப்ஸில் அது ராஸ்பெர்ரி பையில் மட்டும் இருந்தால் போதும். மேக்கும் ஐபோனும் இதை ஏர்பிரிண்ட் (டிரைவர் இல்லாமலே பிரிண்ட் எடுக்கும் ஆப்பிள் வசதி) பிரிண்டர் என்று நினைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு தன் பிரிண்ட் சர்வீஸ் வழியே கண்டுபிடிக்கும். விண்டோஸில் மட்டும் கப்ஸின் 631 போர்ட் எண்ணோடு முகவரியைக் கையால் கொடுக்க நேரலாம். எல்லாம் பொதுவான வடிவத்தில் அனுப்பும். 1020க்குப் புரிகிற மொழிக்கு மாற்றுவது பையின் பொறுப்பு. வெளியார் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக 2023இல் மைக்ரோசாஃப்டே அறிவித்துவிட்டதால், எல்லாம் போகிற திசையும் இதுதான்.

பராமரிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1020ஐ அணைத்தால் அதன் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள்) அழிந்துவிடும். கரண்ட் போய் வந்ததும் கணினிதான் அதை மறுபடி ஏற்ற வேண்டும். லினக்ஸில் அதற்கு எச்பிலிப் (HPLIP) என்ற எச்பி டிரைவர் தொகுப்பின் பிளகின் உண்டு. பிளகினும் எச்பிலிப்பும் ஒரே வெர்ஷனில் இருக்க வேண்டும். அப்டேட்டில் ஒன்று மட்டும் முன்னே போனால் பிரிண்ட் கியூவிலேயே கிடக்கும். அதனால் எச்பிலிப்பை மட்டும் அப்டேட்டிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒழுங்கான யூ.பி.எஸ். இல்லாத ஊரில் இந்த ஒரு விஷயத்தைச் சரிபார்க்காமல் பையை மூலையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பாதுகாப்பில் கப்ஸ் பக்கமும் சுத்தமில்லை. 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரவுஸ்ட் என்ற, நெட்வொர்க்கில் மற்ற பிரிண்டர்களைத் தேடும் துணைச் சேவையில் மோசமான ஓட்டை வெளிவந்தது. பிரிண்டரைப் பகிர அந்த சேவை தேவையில்லை, நிறுத்திவிடலாம். ரூட்டரில் 631 போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்காதீர்கள். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் போனுக்குப் பிரிண்டர் தெரியாது. அது கோளாறு அல்ல.

கேனன் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் பை வாங்குமுன் நிதானியுங்கள். கம்பெனி தரும் லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைக் கணினிக்கானது, பையின் ஆர்ம் சிப்பில் ஓடாது. மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொள்வதே மேல், கரண்ட் பில் கொஞ்சம் ஏறினாலும்.

ஆல்-இன்-ஒன் என்றால் ஸ்கேன் தனிக் கதை. கப்ஸ் அதைத் தொடாது, சேன் (SANE) என்ற ஸ்கேன் மென்பொருளைத் தனியாக அமைக்க வேண்டும். லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கு மட்டுமே நான் அதைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸில் எப்படி ஓடும் என்பதற்கு என்னிடம் உத்தரவாதம் கேட்காதீர்கள்.