அல்சாஸ் வைன் கிராமத்தில் வாடகை வீடு: 1,980 யூரோ போன விதம்

கிழக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கோடை விடுமுறைக்கு வீடு தேடுகிறவர்கள், யாருக்காவது முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சுவிஸ் நகரமான பாசலில் வசிக்கும் ஒரு குடும்பம், லண்டனிலிருந்து வந்த உறவினர்களையும் சேர்த்து ஒன்பது பேர், ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் மாலை ஐந்து மணிக்கு ரிக்விருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெட்டிகளோடு போய் இறங்கினார்கள். கொடுத்திருந்த முகவரியில் இருந்தது திராட்சை விவசாயி ஒருவரின் டிராக்டர் கொட்டகை. வீட்டுக்காரர் என்று ஐந்து மாதமாகப் பேசிக்கொண்டிருந்தவரின் வாட்ஸ்ஆப் அன்று காலையே நின்றுபோயிருந்தது. பணம் மூன்று தவணையாகப் போயிருக்கிறது. பிப்ரவரியில் முன்பணம் 444 யூரோ, ஜூன் கடைசியில் மீதி 1,036, புறப்பட நான்கு நாள் இருக்கும்போது சேதத்துக்கான பிணைத்தொகை என்று 500. மூன்றும் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பியவை. ஒரு யூரோகூடத் திரும்பவில்லை.

இந்தப் பகுதியில் இந்த மோசடி எளிதில் பலிப்பதற்குக் காரணம் உண்டு. அல்சாஸ் வைன் பாதை வடக்கே மார்லன்ஹைமிலிருந்து தெற்கே தான் (Thann) என்ற ஊர் வரை சுமார் 170 கிலோமீட்டர். 1953-இல் திறந்தது. வோஜ் மலையடிவாரத்தில் வரிசையாக இருக்கும் இந்த ஊர்கள் பழைய மதில்களுக்குள் நெருக்கிக் கட்டப்பட்டவை, வீடுகள் குறுகலானவை. எட்டுப் பேருக்கு மேல் தங்கக்கூடிய 'ஜீத்' (வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் கிராமத்து வீடு) குறைவு. ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனிக்கு சனி என்றுதான் விடுவார்கள். ஜூலைக் கடைசியில் பக்கத்து நகரமான கொல்மாரின் வைன் சந்தையும் வந்துவிடும். அதனால் நல்ல பெரிய வீடுகள் குளிர்காலத்திலேயே முடிந்துவிடுகின்றன. தாமதமாகத் தேடுகிற பெரிய குடும்பத்தின் கண்ணில், எல்லாரும் கேட்பதில் பாதி விலைக்கு ஒரு வீடு பட்டால் கை தானாக நீளும். டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தை வாரங்களிலும் இதே கதைதான்.

விளம்பரம் பெரும்பாலும் உண்மையான வாடகை இணையதளத்திலேயே இருக்கும். கேட்டு எழுதினால் உடனே அன்பான பதில் வரும்: 'இந்தத் தளத்தின் நாட்காட்டி சரியில்லை, கமிஷனும் அதிகம், மின்னஞ்சலில் பேசுவோம், பத்து சதவீதம் குறைத்துத் தருகிறேன்.' தளத்தை விட்டு வெளியே வந்த அந்த நிமிடமே, தளம் தரும் பணப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். பிறகு ஒப்பந்தம் வரும், அடையாள அட்டை நகல் வரும், மின்கட்டண ரசீதுகூட வரும். அந்த அட்டை பெரும்பாலும் முன்பு ஏமாந்த இன்னொருவருடையது. அதை நம்பிக்கைக்கு ஆதாரமாக எடுக்கவே கூடாது. நீங்கள் அனுப்பும் கடவுச்சீட்டு நகலும் அடுத்த ஆளுக்குத்தான் போகும், ஆகவே அனுப்பாதீர்கள்.

முதல் சோதனை படங்கள். ஒவ்வொரு படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே சமையலறை வேறு ஊரில், வேறு பெயரில் கிடைத்தால் அத்தோடு முடித்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டாலும் படமே நிறையச் சொல்லும். அல்சாஸ் கிராமத்துக் கூரை செங்குத்தானது. அதன் ஓடு தட்டையாக, முனை நாக்குப்போல் வளைந்து, மீன் செதில் மாதிரி அடுக்கியிருக்கும். அரைவட்டக் குழல் ஓடும் சரிவு குறைந்த கூரையும் தெரிந்தால் அது தெற்குப் பிரான்ஸ் வீடு. திராட்சைக்கொடியையும் பாருங்கள். இங்கே திராட்சைக்கொடியைக் கம்பி கட்டி ஆள் உயரத்துக்கு ஏற்றியிருப்பார்கள். முழங்கால் உயரப் புதர்போல் குட்டையாக நிற்கும் கொடிகளும் பின்னால் லாவெண்டரும் தெரியும் படம் ரிக்விரில் எடுத்ததாக இருக்காது. மேலே சொன்ன விளம்பரத்தின் மாடிப் படத்தில் குழல் ஓடு தெளிவாகத் தெரிந்தது. ஒன்பது பேரில் ஒருவருக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றாததில் தவறும் இல்லை, தெரிந்தால்தானே பார்க்க முடியும்.

அடுத்தது முகவரி. தெருவின் பெயரோடு எண்ணையும் கேளுங்கள். கூகுள் வீதிக் காட்சியில் வாசலையும், பிரெஞ்சு அரசின் வரைபடத் தளமான cartes.gouv.fr-இல் வான்படத்தையும் பார்க்கலாம். நீச்சல் குளம் இருப்பதாகச் சொன்னால் அது மேலிருந்து தெரியவேண்டும். 'பாதுகாப்புக்காக முகவரியை வரும்போது தருகிறேன்' என்று தனியாக, மின்னஞ்சலில், பணம் கேட்டுக்கொண்டே சொல்பவருக்குப் பதில் எழுதவேண்டியதில்லை.

மூன்றாவது சோதனைதான் எல்லாவற்றிலும் உறுதியானது, ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை. பிரான்சில் சுற்றுலாவுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர் அதை ஊர் 'மெரி'யில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், தெரிவித்திருக்கவேண்டும். 2024 நவம்பர் 19-ஆம் தேதிச் சட்டம், எல்லா ஊர்களிலும் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பதிவு எண் வரவேண்டும் என்று 2026 மே 20-ஐக் கெடுவாக வைத்தது. அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல் மெரிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். சின்ன ஊர் மெரி வாரத்தில் இரண்டு மூன்று அரைநாள்தான் திறந்திருக்கும் என்பதால் நேரத்தைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். நானூறு பேர் இருக்கும் ஊரில் எந்த வீடு வாடகைக்கு விடப்படுகிறது என்பது அங்குள்ள செயலாளருக்குத் தெரியாமல் இருக்காது. பிரெஞ்சு வராதவர்கள் ரிக்விர், கொல்மார் சுற்றுலா அலுவலகங்களில் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ கேட்கலாம். விளம்பரத்தில் 'ஜீத் த பிரான்ஸ்' என்ற அமைப்பின் சின்னமும் தரத்தைக் காட்டும் கோதுமைக் கதிர்களும் போட்டிருந்தால், அதே வீடு அந்த அமைப்பின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். சின்னத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

பணம். கார்டில், தளத்தின் வழியாகவே கட்டுங்கள். கமிஷன் நூறு யூரோ கூடினாலும் பரவாயில்லை. வீடு பொய் என்றால் கார்டு வங்கியிடம் தகராறு எழுப்ப வழி இருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பிய பணத்துக்கு, அதுவும் பத்து விநாடியில் போய்விடும் உடனடிப் பரிமாற்றத்துக்கு, அப்படியொரு வழி இல்லை. ஐபான் எண் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) பிரான்சைக் குறிக்கும் 'எஃப்ஆர்' என்று தொடங்குவதால் நம்பிக்கை வரவேண்டாம். கைப்பேசியிலேயே திறக்கக்கூடிய வங்கிகளும் அந்த எண்ணைத் தருகின்றன. யூரோ நாடுகளின் வங்கிகள் 2025 அக்டோபர் 9 முதல், ஐபானும் பெறுபவர் பெயரும் பொருந்துகிறதா என்று அனுப்புமுன் காட்டவேண்டும். பொருந்தவில்லை என்று வந்தால், 'கணக்கு மனைவி பெயரில் இருக்கிறது' என்ற விளக்கத்தைக் கேட்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்: அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், சுவிஸ் வங்கிகளை அது கட்டுப்படுத்தாது. முன்பே வாங்கிய கூப்பன் அட்டையின் எண்ணைக் கேட்டால் அது நூற்றுக்கு நூறு மோசடி.

பிணைத்தொகையை, பிரெஞ்சில் 'கோசியோன்', நேர்மையான வீட்டுக்காரர் சாவி கொடுக்கும்போது காசோலையாக வாங்கி வைத்துக்கொள்வார், அல்லது தளம் கார்டில் நிறுத்தி வைக்கும். கதவு திறப்பதற்கு முன்பே அதை வங்கி வழியாகக் கேட்பது, கடைசியாகக் கறந்துவிடும் முயற்சி. பாசல் குடும்பம் அந்த 500 யூரோவையாவது காப்பாற்றியிருக்கலாம்.

வீடும் உண்மை, ஆளும் உண்மை என்றாலும் ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைத் தேடுங்கள். முன்பணம் 'ஆர்' (arrhes) என்று எழுதியிருந்தால், நீங்கள் விலகினால் அது மட்டும் போகும். வீட்டுக்காரர் விலகினால் இரட்டிப்பாகத் தரவேண்டும். 'அக்கோந்த்' (acompte) என்று எழுதியிருந்தால் அது பின்வாங்க முடியாத ஒப்புதல், விலகினாலும் முழு வாடகையைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. விசா கிடைக்குமா என்று தெரியாத தாத்தா பாட்டிக்காக வீடு எடுப்பவர்களுக்கு இந்த ஒரு சொல்லின் விலை ஆயிரம் யூரோவுக்கு மேல். இணையத்தில் வாங்கியதைப் பதினான்கு நாளில் திருப்பலாம் என்ற விதி, குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த தங்குமிடத்துக்குப் பொருந்தாது. வாடகை முகவர் வழியாக எடுத்தால், தங்கும் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பாக முன்பணம் வாங்கவோ, வாடகையில் 25 சதவீதத்துக்கு மேல் வாங்கவோ அவருக்கு அனுமதி இல்லை.

'எட்டுப் படுக்கை' என்பதில் கூடத்து சோஃபாவும் இரண்டு படுக்கையாகச் சேர்ந்திருக்கும். எத்தனை அறை, எத்தனை கட்டில் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பழைய மரச்சட்ட வீடுகளில் மாடிப்படி ஏணிபோல் செங்குத்து, கூரையடி அறையில் உத்தரம் தலையில் இடிக்கும். முழங்கால் வலி உள்ளவருக்குத் தரைத்தளத்தில் அறையும் கழிப்பறையும் உண்டா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். படுக்கை விரிப்பு, துண்டு, கடைசி நாள் துப்புரவு ஆகியவை பல வீடுகளில் தனிக் கட்டணம். சுற்றுலா வரி பெரியவர்களுக்கு மட்டும்தான், 18 வயதுக்குக் கீழே கிடையாது. நுழைந்த முதல் மணி நேரத்தில் எல்லா அறைகளையும், அடுப்பையும், பாத்திரங்களையும் காணொளி எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். பிணைத்தொகைத் தகராறில் அதுதான் பேசும்.

பாசல்-முல்ஹவுஸ் விமான நிலையத்தில் கார் எடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அங்கே பிரெஞ்சுப் பகுதி, சுவிஸ் பகுதி என்று இரண்டு உண்டு. விலை வேறு, வெளியேறும் சாலையும் வேறு. எடுத்த பகுதியிலேயே திருப்பித் தரவேண்டும். மாற்றி விட்டால் கூடுதல் கட்டணம். ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டு இல்லை என்றால் கவுண்டரில் காரைத் தரமாட்டார்கள், அல்லது விலையுயர்ந்த காப்பீட்டை எடுத்தால்தான் தருவோம் என்பார்கள். குழந்தை இருக்கை பிரான்சில் பத்து வயது வரை, சுவிட்சர்லாந்தில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் வரை கட்டாயம். வைன் சுவைக்கப் போகும் நாளில் ஓட்டுகிறவர் துப்பிவிடவேண்டும், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். பிரான்சில் மது வரம்பு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம், புதிய உரிமக்காரருக்கு 0.2.

ஏமாந்துவிட்டது தெரிந்தால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு, அந்த நிமிடமே. பணம் எதிர்க் கணக்கில் இன்னும் இருந்தால் மட்டுமே திரும்பும். விளம்பரப் பக்கம், உரையாடல், ஐபான், ஒப்பந்தம் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள், விளம்பரம் அடுத்த நாள் இருக்காது. கிராமப் பகுதியில் புகார் வாங்குவது ஜாந்தார்மெரி என்ற காவல் படை. புகார் எண் இல்லாமல் வங்கியும் காப்பீடும் அசையாது. இணைய மோசடிக்கான அரசு உதவி எண் 0805 805 817, பிரான்சுக்குள்ளிருந்து இலவசம்.

சனிக்கிழமை மாலை அந்த வாசலிலேயே நிற்க நேர்ந்தால், கிராமம் கிராமமாக அலையாமல் நேராகக் கொல்மாருக்குப் போய்விடுங்கள். நெடுஞ்சாலையோரச் சங்கிலி விடுதிகளில் குடும்ப அறை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கடைகள் அடைப்பதற்குள் பாலும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். அல்சாஸில் ஞாயிற்றுக்கிழமை பேக்கரிகளைத் தவிரப் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.