பிரஸ் ஸ்டார்ட் 2பி: பழைய ஆர்கேட் திரையின் தடித்த எழுத்துகள்

1980களில் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) விளையாட்டுகளில் ஸ்கோரைக் காட்டிய தடித்த ஆங்கில எழுத்துகளை, இன்றைய கணினிக்கு ஏற்ற வகையில் மீட்டுத் தந்திருக்கும் எழுத்துரு பிரஸ் ஸ்டார்ட் 2பி. கோட்மேன்38 என்ற பெயரில் இயங்கும் வடிவமைப்பாளர் உருவாக்கிய இதனைக் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகப் பெறலாம். திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வருவதால் வணிகப் பணிகளுக்கும் கட்டணம் இல்லை.

இதன் தடிமன் வெறும் அலங்காரம் அன்று என்பதே எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒவ்வோர் எழுத்தும் 8க்கு 8 பிக்சல் (திரையின் மிகச் சிறிய புள்ளி) கட்டத்துக்குள் அடங்குகிறது. அதில் நெட்டுக்கோடுகள் 2 பிக்சல் அகலமும் கிடைக்கோடுகள் 1 பிக்சல் தடிமனும் கொண்டவை. பழைய படக்குழாய்த் திரையில் மின்கற்றை இடமிருந்து வலமாக ஓடும்போது, ஒரே பிக்சல் அகலமுள்ள நெட்டுக்கோடு கண நேரத் துடிப்பாக மங்கிப் போகும். இரண்டு பிக்சல் இருந்தால்தான் கோடு பளிச்சென்று நிற்கும். அந்தத் தேவையிலிருந்து பிறந்த அழகு, தேவை மறைந்த பின்னும் குன்றவில்லை.

இதைக் கையாளுவோர் ஒரு விதியைக் கட்டாயம் மதிக்க வேண்டும்: திரையில் எழுத்தளவு 8, 16, 24 என எட்டின் மடங்காகவே இருக்க வேண்டும். 20 பிக்சல் என்று வைத்தால் விளிம்புகள் கலங்கி, கோடுகளின் தடிமன் ஒன்றுக்கொன்று மாறிவிடும். அச்சில் இந்தத் தொல்லை இல்லை. சுவர் அளவு போஸ்டரிலும் சதுரங்களின் மூலைகள் கூர்மையாகவே விழும். எழுத்துகள் கட்டத்தை ஏறத்தாழ நிரப்பிவிடுவதால், வரியின் மொத்த உயரத்தை எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்காவது வைப்பது நல்லது.

எல்லா எழுத்துகளுக்கும் ஒரே அகலம் என்பதால், எண்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஸ்கோர் பலகைக்கும் கடிகாரத்துக்கும் இது மிகப் பொருத்தம். விளையாட்டின் முகப்பு, டி-ஷர்ட், நிகழ்ச்சி அறிவிப்பு ஆகியவற்றில் நாலைந்து சொற்களுக்கு இதற்கு இணையானதைக் காண்பது அரிது. பத்தி பத்தியாக ஓடும் உரைக்கு வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளும் (a, b, c) உள்ளன என்றாலும், அவற்றின் வால் இறங்க இடம் போதாததால் பெரிய எழுத்துகளின் மிடுக்கு அவற்றுக்கு வாய்க்கவில்லை.

கிரேக்க எழுத்துகளும், ரஷ்ய மொழி எழுதப் பயன்படும் சிரில்லிக் எழுத்துகளும் இதில் உண்டு; தமிழ் இல்லை. ‘ண’வின் மூன்று சுழிகளை இரண்டு பிக்சல் நெட்டுக்கோடுகளோடு எட்டு பிக்சல் அகலத்துக்குள் அடைக்க முடியாது, தமிழுக்கு இதைவிடப் பெரிய கட்டத்தை வைத்துக்கொண்டு புதிதாகத்தான் வரைய வேண்டும். யாரேனும் வரைந்தால் மனமார வரவேற்பேன். இருமொழிப் போஸ்டர் செய்வோர், ஆங்கிலத் தலைப்பை இதிலும் தமிழைத் தனி வரியில் சுழிப்பு குறைந்த தடித்த எழுத்துருவிலும் அமைப்பதே இப்போதைக்குச் சரியான வழி.