வாய்ப்பாட்டுக்கு மூன்று வழி: தாளம், விரல், அடை கிடக்கும் கோழி

பெருக்கல் வாய்ப்பாடு பிடிபடாத பிள்ளைக்கு வகுத்தலும் பின்னமும் ஏறாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாள் நெருங்கும்போதுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இதற்கு வழக்கத்தில் இருப்பவை மூன்று வழிகள்: தாளத்தோடு ஒப்புவிப்பது, விரலால் கணிப்பது, சிரிப்பூட்டும் ஒரு கொக்கியில் எண்ணை மாட்டிவைப்பது. என் தெரிவு மூன்றாவது. மற்ற இரண்டையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஆனால் எதை முதுகெலும்பாக வைப்பது என்று கேட்டால், பிள்ளை மறந்த பிறகு எது தானாகத் திரும்பி வருகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். எந்த வழியில் படித்தாலும் பிள்ளை மறக்கும். தவணை விடுமுறை முடிந்து வந்த முதல் கிழமையில் கேட்டுப் பாருங்கள்.

தாளத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. "ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று" என்று நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும்போது செலவும் இல்லை, தனியாக ஆயத்தமும் வேண்டாம். கூத்து அண்ணாவியார் மத்தளத்தோடு தாளக்கட்டுச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்களுக்குத் தாளத்தின் பலத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. குறை என்னவென்றால், தாளம் எண்களைச் சங்கிலியாகக் கோர்க்கிறது. "எட்டேழு எவ்வளவு?" என்று நடுவில் பிடித்துக் கேட்டால் பிள்ளை ஓரேழிலிருந்து தொடங்கும். உதடு மெல்ல அசைவதைப் பாருங்கள், அதுதான் அடையாளம். நடுவில் ஒரு வரி தவறிப்போனால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு படி இடம்மாறும். பிள்ளைக்கோ தாளம் சரியாகவே கேட்கும், அதனால் பிழையைத் தானாகக் கண்டுபிடிக்காது. ஒரேயொரு திருத்தம் உண்டு: ஐந்தில் ஏறப் பழக்குவது. ஐயேழு முப்பத்தைந்து என்று நேரே தொடங்கினால் எட்டேழுக்கு மூன்று படிதான்.

விரல் வழியில் ஒன்பதாம் வாய்ப்பாடு மிகச் சுத்தமானது. இரு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்து, இடது பெருவிரலை ஒன்று என்று வைத்து, இடமிருந்து வலமாகப் பத்துவரை எண்ண வேண்டும். 9×4 என்றால் நாலாவது விரலை மடக்கவேண்டும். மடக்கியதற்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு: முப்பத்தாறு. வகுப்பில் இது பிழையாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆசிரியர்தான். பிள்ளைகளைப் பார்த்து நின்று காட்டினால் கை கண்ணாடிபோல மாறித் தெரியும். முதுகைக் காட்டி நின்று, கைகளை மேலே தூக்கிக் காட்டவேண்டும்.

ஆறு முதல் பத்துவரை இன்னொரு முறை உண்டு. சுண்டுவிரல் 6, மோதிரவிரல் 7, நடுவிரல் 8, சுட்டுவிரல் 9, பெருவிரல் 10. 7×8 என்றால் ஒரு கையின் மோதிரவிரலையும் மற்றக் கையின் நடுவிரலையும் முட்டவைக்க வேண்டும். முட்டிய விரல்களும் அவற்றுக்குக் கீழே உள்ளவையும் சேர்ந்து 2+3, அதாவது ஐந்து பத்துகள். மேலே மிஞ்சியவை 3×2, அதாவது ஆறு. ஐம்பத்தாறு. 6×7க்கு வரும்போது சிக்கல்: மூன்று பத்துகள், மேலே 4×3=12. பிள்ளை 312 என்று எழுதிவிடும். முப்பதோடு பன்னிரண்டைக் கூட்டவேண்டும் என்பதைத் தனியாகப் பழக்காமல் இந்த முறையைக் கொடுக்கக்கூடாது. இதைவிடப் பெரிய தொந்தரவு, பென்சிலைக் கீழே வைக்கவேண்டியிருப்பது. 467×8 போன்ற ஒரு கணக்கில் மூன்று தடவை பென்சிலை வைத்து மூன்று தடவை எடுக்கும்போது, கொண்டுபோகும் எண் எது என்பதே மறந்துவிடும்.

இனி நான் சாயும் பக்கம்.

முதலில் எத்தனையை மனதில் ஏற்றவேண்டும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பத்துவரையான வாய்ப்பாட்டில் நூறு விடைகள். 3×7உம் 7×3உம் ஒன்றுதான் என்றால் 55. ஒன்றையும் பத்தையும் கழித்தால் 36. இரண்டையும் ஐந்தையும் பிள்ளைக்குத் தெரியும் என்றால் 21. ஒன்பதை விரல் பார்த்துக்கொள்ளும், 15. தன்னைத் தானே பெருக்கும் 3×3, 4×4, 6×6, 7×7, 8×8 ஐந்தையும் தாளம் பார்த்துக்கொள்ளும். மிச்சம் பத்தே பத்து: 3×4, 3×6, 3×7, 3×8, 4×6, 4×7, 4×8, 6×7, 6×8, 7×8. பிள்ளைகள் திரும்பத் திரும்ப விழுகிற பள்ளங்கள் இவைதான். சிரிப்பும் கொக்கியும் இந்தப் பத்துக்கு மட்டும். நூறுக்கும் கதை சொல்லப் போனால் கதைகளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் இருக்கிற ஓசைப்பாட்டுகளை மொழிபெயர்த்துக் கொடுப்பதால் பயனில்லை. அங்கே ஒலி எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழுக்கு வந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகும். நம்முடைய பேச்சிலேயே கொக்கி கிடக்கிறது. "அஞ்சாறு பேர் வந்தாங்க, ஏழெட்டு இடியப்பம் இருந்திச்சு" என்று தினமும் சொல்கிறோம். அஞ்சாறு, 56. ஏழெட்டு, 7×8. அஞ்சாறுதான் ஏழெட்டு. இதை ஒருதரம் கேட்ட பிள்ளை சிரிக்கும், மறுதரம் தானே சொல்லும். அதே கயிற்றில் முன்பாதியும் இருக்கிறது: ஒன்று இரண்டு மூன்று நாலு, 12=3×4. ஒன்றிலிருந்து எட்டுவரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு விடை இலவசம்.

7ஐ எப்போதும் "கிழமை" (ஏழு நாள்) என்றே வையுங்கள். இந்த இடத்தில்தான் கோழி வருகிறது. கோழி முட்டை பொரிக்க 21 நாள், மூன்று கிழமை. வாத்து முட்டைக்கு 28 நாள், நாலு கிழமை. கோழிக்கு அடியில் வாத்து முட்டையை அடை வைத்தால் என்ன நடக்கும் என்று கேளுங்கள்.

"கோழி எத்தின நாள் அடை கிடக்கும் மனே?"

"இருபத்தொண்டு, மிஸ்."

"இருபத்தொண்டாம் நாள் எழும்பிப் பார்க்குது. ஒரு குஞ்சுமில்ல. இன்னும் எத்தின நாள் இருக்கோணும்?"

"ஒரு கிழமை! இருபத்தெட்டு!"

கால் மரத்துப்போன கோழி இன்னொரு கிழமை முறைத்துக்கொண்டு கிடக்கிற காட்சிதான் சிரிப்பு. ஆனால் சிரிப்பு முடிகிற இடத்தில் எண் நிற்கிறதா என்று பாருங்கள். 6×7க்கு வேறு கதை தேவையில்லை: கோழி ஒருதரம் பொரித்து, மறுகாலும் அடை கிடந்தால் 21உம் 21உம், நாற்பத்திரண்டு. ஆறு என்பது மூன்றின் இரட்டை என்பதையும் பிள்ளை சேர்த்தே பிடித்துக்கொள்ளும்.

4×8க்கு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மேல் இடம், மேல் வலம், கீழ் இடம், கீழ் வலம் என்று நாலு பக்கம், பக்கத்துக்கு எட்டு, 32 பல். பால் பல் விழுந்த எட்டு வயதுப் பிள்ளைகளிடம் "உன்ர வாயில நாலெட்டு இருக்கா?" என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஓட்டை வாயோடு சிரிக்கும். 3×6க்குத் தமிழ்ப் பாடமே கைகொடுக்கிறது: வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு, மெய்யெழுத்து பதினெட்டு. 3×8 ஒரு நாள்: எட்டு மணி நித்திரை, எட்டு மணி பள்ளியும் படிப்பும், எட்டு மணி சாப்பாடும் விளையாட்டும். மிச்சமுள்ள 6×4, 6×8 இரண்டுக்கும் எதுகை போதும்: ஆறு நாலு இருபத்துநாலு, ஆறெட்டு நாற்பத்தெட்டு. பெருக்குகிற இரட்டை எண்ணே கடைசியில் நிற்கும், அதன் பாதி முன்னால் நிற்கும்.

இந்த வழியும் பிழையாகிப்போகும். அடிக்கடி நடப்பது, பிள்ளைக்குக் கோழி ஞாபகம், எண் ஞாபகமில்லை. கதையில் எண் நடுவில் வந்து, சிரிப்பு கடைசியில் வேறெதற்கோ வந்தால் இப்படித்தான் ஆகும். எண் கடைசிச் சொல்லாக வரும்படி கதையைத் திருப்பிக் கட்டவேண்டும். இன்னொன்று, ஒரே நாளில் இரண்டு கொக்கி கொடுப்பது. கிழமையும் பல்லும் ஒரே நாளில் வந்தால் 28உம் 32உம் இடம் மாறும். கிழமைக்கு இரண்டு, இடையில் இரண்டு நாள் இடைவெளி. பத்துக்கும் ஐந்து கிழமை ஆகும். அவசரப்படுகிற பெற்றோருக்கு இது நீளமாகத் தெரியும், ஆனால் இதைச் சுருக்கினால் பிறகு இரட்டிப்பாகக் கொடுக்கவேண்டி வரும். பிள்ளை சொன்ன பிழையை வைத்து ஒருபோதும் சிரிப்பு மூட்டக்கூடாது. கோழி ஏமாறலாம், பிள்ளை ஏமாறக்கூடாது. ஒருதரம் வகுப்பு தன்னைப் பார்த்துச் சிரித்ததென்றால் அந்தப் பிள்ளை அடுத்த கிழமை கை தூக்காது. கதையில் வரும் பொருள் எல்லா வீட்டுக்கும் பொதுவாகவும் இருக்கவேண்டும். கோழியும் பல்லும் கிழமையும் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் தமிழ் ஊரான களுவாஞ்சிகுடிக்கும் ஒன்றுதான்.

பராமரிப்புக்கு வருவோம், என் தெரிவுக்குக் காரணமே இதுதான். மனனம் செய்தது முதல் நாளிலேயே வேகமாகக் கரைகிறது, பிறகுதான் மெதுவாகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்கவுஸ் 1885இலேயே அளந்து வெளியிட்டுவிட்டார். ஆகவே கேட்கவேண்டிய நாட்கள்: மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு கோழி பொரிக்கிற இருபத்தோராம் நாள். பழைய கலண்டர் மட்டையில் உள்ளங்கை அளவுக்கு இருபது துண்டு வெட்டுங்கள். 3×7க்கு ஒன்று, 7×3க்கு ஒன்று. பின்பக்கம் விடை, மூலையில் சின்னக் கோழி. படத்தைப் பிள்ளையே கீறவேண்டும், நீங்கள் கீறிக் கொடுத்தால் பாதிப் பலன் போய்விடும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். மட்டையைக் காட்டி மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அதற்குள் விடை வந்தால் ஒரு கட்டு, வராவிட்டால் மற்றக் கட்டு. வராததை உடனே சொல்லிக் கொடுக்காமல் "ஏழென்றால் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். "கிழமை" என்று சொல்லிப் பிள்ளை தானே ஏறி வரும்.

வித்தியாசம் இந்த இடத்தில்தான். தாளம் அறுந்தால் முதல் வரியிலிருந்து தொடங்கவேண்டும். விரல் மறந்தால் மறுபடி யாராவது காட்டவேண்டும். கொக்கி மறந்தால் கேள்வியில் இருக்கிற ஏழே கிழமையை ஞாபகப்படுத்துகிறது, கிழமை கோழியைக் கொண்டுவருகிறது. வீட்டில் பெரியவர் யாரும் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. கோழி எத்தனை நாள் கிடக்கும் என்பது அம்மம்மாவுக்கும் உம்மம்மாவுக்கும் தெரியும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கணித ஆசிரியருக்கு ஆள் தேடுகிற வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டு மாதம் கழிந்தும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் கோழிக்கதையைச் சொல்லித்தான் 21க்கு வருகிறதென்றால் கொக்கி ஊன்றுகோலாகிவிட்டது. அப்போது படம் இல்லாத புது மட்டை வெட்டி, தாளத்தை உள்ளே கொண்டுவர வேண்டும்: மூவேழு இருபத்தொன்று, பத்துத் தடவை, கதை இல்லாமல். தாளத்துக்கு நான் கொடுக்கிற இடம் இதுதான், பூசி மெழுகும் வேலை.

ஐந்தாம் தரத்துக்கு மேலே இதே உறுதியோடு பேசமாட்டேன். 21 என்றைக்கும் 21தான், கொக்கி பொய்யாகாது. ஆனால் விதிக்கு நிபந்தனை உண்டு, கொக்கிக்கு நிபந்தனை தெரியாது. "பத்தால் பெருக்கினால் பூச்சியம் போடு" என்று சிரிக்கச் சிரிக்கப் படித்த பிள்ளை 2.5×10ஐ 2.50 என்று எழுதும். "சயவும் சயவும் சக" (கழித்தல் குறியும் கழித்தல் குறியும் கூட்டல் குறி) என்பதைப் பாட்டாகப் படித்த பிள்ளை −3−4க்கு +7 போடும், ஏனென்றால் அது பெருக்கலுக்கான விதி என்பது பாட்டில் இல்லை. சாதாரண தரத்துச் சைன், கோசைனுக்கு எதிர்ப்பக்கம், அயற்பக்கம், செம்பக்கம் என்ற வரிசையை ஒரு சொல்லாகக் கட்டிக்கொள்வதில் தவறில்லை, அது பெயர் ஞாபகம். விதிகளுக்குச் சிரிப்பு வேண்டாம், உதாரணம் வேண்டும் என்பதே இப்போதைக்கு என் நிலைப்பாடு. எண் ஒழுங்கே பிடிபடாமல் எட்டு பெரிதா ஆறு பெரிதா என்று தடுமாறுகிற பிள்ளைக்கும் கொக்கி உடனே உதவாது. அதற்கு முதலில் புளியங்கொட்டையும் வரிசையும்தான்: மூன்று வரி, வரிக்கு ஏழு கொட்டை, பிள்ளையே அடுக்கி எண்ணவேண்டும்.

பத்தும் முடிந்து சலிப்பில்லாமல் நிற்கிற பிள்ளைக்கு அடுத்ததாக என்ன கொடுப்பது என்றால், சுவரில் தொங்குகிற எழுத்து அட்டவணையைக் காட்டுங்கள். மேலே உயிர் 12, பக்கத்தில் மெய் 18, நடுவில் உயிர்மெய் 216. அதுவே ஒரு பெருக்கல் பலகை. பதினெட்டைப் பத்தும் எட்டுமாக மட்டையால் மறைத்துப் பிரித்தால் மேலே 120 கட்டம், கீழே 96 கட்டம். பிள்ளையே கூட்டிச் சொல்லட்டும்.