புனைபெயரில் ஆம்பியன்ட் இசை: ஸ்பாட்டிஃபையா, பேண்ட்கேம்பா, யூடியூபா?

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரையில் விழும் மழையையும், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மின்விசிறிகளின் இரைச்சலையும் பதிந்து, அவற்றின்மேல் நீண்ட சுரங்களைப் படரவிட்டு, சூழலோடு கலந்து ஒலிக்கும் ஆம்பியன்ட் இசை செய்யும் இலங்கை மலையகத்து அட்டன்காரர் ஒருவர் அதைப் புனைபெயரில் வெளியிட விரும்பினால் வியப்பில்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பாட்டே இல்லாத இசைக்கு ஊரெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆகவே தளங்களை ஒப்பிடும்போது, எங்கே கேட்பவர் அதிகம் என்பதைவிட, உண்மைப் பெயர் எந்த இடத்தில் வெளிப்படும், நீண்ட இசைக்கோவை எப்படிக் கணக்கிடப்படும் என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்பாட்டிஃபை 2021 முதல் இலங்கையிலும் கிடைப்பதால், நம்மவர் காதில் விழ அது எளிய வழிதான். ஆனால் அதில் நாமே நேரடியாக இசையை ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட் போன்ற விநியோக நிறுவனம் ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். கலைஞர் பெயராக எதையும் இடலாம் என்றாலும், இசையை ஆக்கியவர் யார் என்ற கட்டத்தில் உண்மைப் பெயரைக் கேட்பார்கள். அங்கே எழுதியது பிறகு பங்களிப்பாளர் விவரத்தில் எல்லாரும் காணும்படி வந்து நிற்கக்கூடும். எளிதில் கவனம் தப்பும் இடம் இது. கணக்கும் நமக்குச் சாதகமாக இல்லை. 30 விநாடி கேட்டாலே ஒரு முறை என்று எண்ணப்படுவதால், 20 நிமிடம் நீளும் கோவையும் 2 நிமிடத் துண்டும் ஒரே மதிப்பைத்தான் பெறுகின்றன. அதோடு, 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத தடத்துக்கு (ட்ராக்) உரிமைத்தொகை கிடையாது. கோவையை நறுக்கிப் பல தடங்களாக்கும் ஆசை இதனால் வரும். நறுக்கியபின் மிஞ்சுவது ஆம்பியன்ட் இசையா என்பது எனக்குச் சந்தேகமே.

பேண்ட்கேம்ப், இசைத் தொகுப்பை (ஆல்பம்) முழுதாகக் கேட்கவும் வாங்கவும் அமைந்த தளம். தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகவே தரவிறக்கலாம், பக்கத்தில் புனைபெயர் மட்டும் இருந்தால் போதும். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்கிறது. சிக்கல் எல்லாம், விற்ற பணம் நம்மிடம் வந்து சேரும் பேபால் என்ற இணையப் பணச் சேவையில்தான்: இலங்கைக் கணக்கில் பணம் செலுத்தலாம், பெற முடியாது என்பது நெடுநாளைய குறை. யாழ்ப்பாணத்து நண்பருக்கு டொரொன்டோவில் ஒரு மாமா இருப்பார். மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் நமக்கு நீலகிரியின் கோத்தகிரியில் ஒரு சித்தப்பா இருப்பார். அவர் கணக்கை இரவல் வாங்கலாமே என்று தோன்றும், ஆனால் வாங்குபவரின் பற்றுச்சீட்டில் அவர் பெயர் தெரிய வரலாம், வருமான வரிக் கேள்வியும் அவர் தலையில் விழும். அதைவிட இலவசமாகவே வெளியிடுவது மேல். மாதத்துக்கு 200 இலவசத் தரவிறக்கங்கள் என்ற வரம்பு, தொடக்கநிலைக் கலைஞருக்குத் தாராளம்.

யூடியூப் எண்ணிக்கையோடு நேரத்தையும் பார்க்கிறது. 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருவாயில் பங்கு உண்டு. ஒரு மணிநேரக் கோவைக்கு இரண்டாவது நிபந்தனை பெரிய மலையில்லை. உண்மைப் பெயர் பணம் பெறும் கணக்கோடு நின்றுவிடும். ஆனால் நாம் பணமீட்டாத காணொளியிலும் விளம்பரம் இடும் உரிமையை அந்நிறுவனம் வைத்திருக்கிறது. மூடுபனி போன்ற ஓர் ஒலியின் தொடக்கத்தில் சவர்க்கார விளம்பரம் வந்தால் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். இசை சேர்க்காத மழை, மின்விசிறி போன்ற வெறும் களப்பதிவுகளுக்கு, கட்டணமில்லாத இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் போதும்.

என் தேர்வு: தொகுப்பு பேண்ட்கேம்பில் இலவசமாக, ஒரே நீண்ட கோவை யூடியூபில், ஸ்பாட்டிஃபை கடைசியில்.

எந்தத் தளமானாலும் ஒலியே ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். ஐபோனின் ஒலிப்பதிவுச் செயலி கோப்புக்கு இடப்பெயரையே தலைப்பாக வைக்கக்கூடியது. பதிவின் பின்னணியில் கோயில் ஒலிபெருக்கி உபயகாரர் பெயரை வாசித்தால், தோட்டம் எது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஏற்றுமுன் ஹெட்ஃபோனோடு முழுவதும் ஒருமுறை கேட்பது நல்லது. உரிமையைப் பற்றிய அச்சம் தேவையில்லை: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, புனைபெயரில் வெளிவந்த படைப்புக்கும் முதல் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. பிற்காலத்தில் யாராவது உரிமை கோரினால் காட்டுவதற்கு, திருத்தாத மூலப் பதிவுகளைத் திகதியோடு தனியே சேமித்துவைக்க வேண்டும்.