செடிக்குப் பெயர்த்தகடு: அலுமினியமா, எவர்சில்வரா, சுட்ட மண்ணா?

ஒட்டு மாங்கன்று நட்டால் காய்ப்பைப் பார்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை இமாம்பசந்து எது, காலாப்பாடி எது, செந்தூரா எது என்று இலையை மட்டும் பார்த்துச் சொல்வது எல்லாருக்கும் கைவராது. நர்சரியில் கட்டிவிடும் பிளாஸ்டிக் துண்டோ அடுத்த சித்திரை வெயிலுக்குள் வெள்ளையாகிவிடும். கத்தரி, மிளகாய் என்றால் இன்னும் அவசரம். விதைக்கென்று ஒதுக்கிய செடி எது என்பது தெரியாமல் போனால் அந்தப் போகத்து விதையை நம்பி யாருக்கும் கொடுக்க முடியாது.

திருநெல்வேலிச் சீமையில் லேபிளைக் கெடுக்க நாலு பேர் இருக்கிறார்கள்: வெயில், ஆனி ஆடி மேல்காற்று, போர்த்தண்ணீரின் உப்பு, கரையான். இந்த நாலுக்கும் ஈடுகொடுக்கும் வழிகளில் என் சாய்வு மெல்லிய அலுமினியத் தகட்டில் அழுத்தி எழுதுவதற்கே. எவர்சில்வரும் காருகுறிச்சிச் சுடுமண்ணும் சில இடங்களில் அதை வெல்லும். அது எந்த இடம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பிளாஸ்டிக்கை முதலில் முடித்துவிடலாம். நாற்றங்காலுக்குப் போதும், மரத்துக்கு ஆகாது. வெயிலில் ஒன்றிரண்டு வருஷத்தில் நொறுங்கும். ஐஸ் குச்சி, மூங்கில் சிம்பு இரண்டையும் மண்ணுக்குள் இருக்கும் பக்கத்திலிருந்து கரையான் தின்றுவிடும்.

எழுத்து எப்படி நிற்கிறது

லேபிளின் ஆயுள் என்றதும் எல்லாரும் பொருளைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் முதலில் போவது எழுத்து. தகடு நன்றாகவே இருக்கும். ‘பெர்மனென்ட்’ என்று போட்ட மார்க்கரின் மை தண்ணீருக்குத்தான் அழியாது. அதில் பெரும்பாலும் இருப்பது சாயம். வெயிலின் புற ஊதாக் கதிர் சாயத்தை உடைத்துவிடும். அதனால்தான் ஒரே துண்டில் தெற்கே பார்த்த பக்கம் வெளுத்துப்போய், மண்ணுக்குள் புதைந்த பக்கத்தில் எழுத்து அப்படியே இருக்கும். நிறமி கலந்த ஆயில் பெயிண்ட் மார்க்கர் இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வழுவழுப்பான பரப்பில் எழுதினால் உரிந்துவிடும்.

சாதாரண பென்சில் இந்த விஷயத்தில் மார்க்கரை முந்தும். அதிலிருப்பது கரி, கரியை வெயில் வெளுக்காது. வெள்ளை பெயிண்ட் வாளியை வெட்டி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, 2பி அல்லது 4பி பென்சிலால் எழுதினால் பிளாஸ்டிக் நொறுங்கும் வரை எழுத்து இருக்கும். நாற்றங்காலுக்கு நான் சொல்வது இதுதான்.

மரத்துக்கு அதுவும் போதாது. அங்கே எழுத்து மேலே பூசியதாக இல்லாமல் பள்ளமாக இருக்க வேண்டும். வெளுக்கவோ உரியவோ பள்ளத்தில் எதுவும் இல்லை. அலுமினியம், எவர்சில்வர், சுடுமண் மூன்றும் போட்டிக்கு வருவது இந்தக் காரணத்தால்தான். இவற்றுக்குள் வித்தியாசம், தமிழில் எவ்வளவு சுலபமாகப் பள்ளம் போடலாம், அப்புறம் எவ்வளவு பராமரிப்பு கேட்கும் என்பதில் வருகிறது.

அலுமினியம்

தகடு மூன்று வழியில் கிடைக்கும். குளிர்பான டின் சும்மா கிடைக்கும், கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும். கனம் சுமார் 0.1 மி.மீ. பார்சல் சாப்பாடு வரும் அலுமினியப் பெட்டி அதைவிட மெலிசு, காற்றுக்கு நிற்காது. எல்லாவற்றிலும் நல்லது அச்சகத்தில் கழித்த ஆஃப்செட் பிளேட். 0.15 முதல் 0.3 மி.மீ வரை கனத்தில் வரும். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் நம் பகுதிப் பழைய இரும்புக் கடைகளில் கேட்டால் எடைக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒட்டியிருக்கும் அச்சு மையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, பின்பக்கத்தில் எழுதுங்கள்.

டின் என்றால் மேலும் கீழும் வெட்டி நீக்கினால் சுமார் 18 முதல் 20 செ.மீ நீளம், 9 செ.மீ அகலமுள்ள தகடு வரும். அதில் 6 செ.மீ உயரம், 8.5 செ.மீ அகலத்தில் மூன்று துண்டு போடலாம். இரண்டு பக்கமும் கீழேயும் அரை செ.மீ பின்னால் மடக்கிக் குறடால் நசுக்குங்கள். ஓரம் பிளேடு மாதிரி வெட்டும். மடக்காமல் விட்டால் களை எடுக்கும் கை கிழியும். மேலே 1.5 செ.மீ மடக்காமல் இருக்கட்டும், அது கம்பியில் மாட்ட. எழுத 4 செ.மீ மிஞ்சும். மூன்று வரிக்கு அது தாராளம்.

மடக்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். தகட்டுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபையோ பத்துப் பன்னிரண்டு மடிப்புச் செய்தித்தாளையோ வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்துங்கள். அடியில் மெத்தென்று இல்லாவிட்டால் பள்ளம் விழாது, கீறல்தான் விழும். கீறல் ஆறே மாதத்தில் மங்கும். எழுத்து 8 மி.மீ உயரமாவது இருக்கட்டும்.

தமிழ் எழுத்தின் வளைவுக்கு பால்பாயின்டின் உருண்டை முனை நன்றாக ஓடும். தொல்லை புள்ளியில். ஒரே இடத்தில் குத்துவதால் டின் தகட்டில் ஓட்டை விழும், ஓட்டையிலிருந்து கிழியும். ஓலையில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டதும் இந்தப் பயத்தால்தான் என்பார்கள். புள்ளியைக் குத்தாமல் கடுகளவு வட்டமாகச் சுழற்றுங்கள். கடையில் கிடைக்கும் எழுத்துப் பஞ்ச் பெட்டியில் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் வரும். வரிசை எண் அடிக்க மட்டும் அது உதவும்.

ஆஃப்செட் பிளேட் விறைப்பாக இருந்து பேனா இறங்காவிட்டால் தகட்டைச் சூடாக்கி இளக்கலாம். துணி சோப்பை ஒரு கீற்று தடவி, மெல்லிய தீயில் காட்டி, சோப்புக் கறுத்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் பிடித்தால் தகடு உருகித் தொங்கிவிடும். மேலே பூச்சு இருப்பதால் புகை வரும். வீட்டுக்குள் வேண்டாம், முற்றத்தில் செய்யுங்கள்.

புதுத் தகடு வெயிலில் பளபளத்துப் படிக்க விடாது. எழுதுமுன் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் கண் கூசாது. நாளாக ஆக அலுமினியம் தானே மங்கி, பள்ளத்தில் தூசி படிந்து எழுத்து இன்னும் தெளிவாகும். போர்த்தண்ணீர் தெறித்து வெள்ளைப் படிவு ஏறினால் எலுமிச்சைத் தோலால் துடைத்தால் போகும். சாம்பலோ சோடாவோ போட்டுத் தேய்க்கக் கூடாது; காரம் அலுமினியத்தை அரிக்கும்.

இந்தக் காரம்தான் அலுமினியத்தின் பலவீனம். மா, எலுமிச்சை, தென்னைக்கு அடிமரத்தில் சுண்ணாம்போ, பூஞ்சாண நோயைத் தடுக்கும் போர்டோ பசையோ பூசும் வழக்கம் உண்டு. போர்டோ பசையில் சுண்ணாம்பின் காரமும் இருக்கிறது, மயில்துத்தத்தின் செம்பும் இருக்கிறது. இரண்டுமே அலுமினியத்துக்கு எதிரி. பூசும் நாளில் தகட்டைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது தெறிக்காத தூரத்தில் குச்சியில் நிறுத்த வேண்டும்.

கம்பிதான் தீர்மானிக்கும்

தகடு நன்றாக இருந்தும் லேபிள் தொலைவது கம்பியால். கட்டுக்கம்பி ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து அறும். செம்புக் கம்பி துருப்பிடிக்காது, ஆனால் ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபட்டு ஓட்டை பெரிதாகித் தகடு விழும். ஓட்டை கிழியாமலிருக்க வைக்கும் பித்தளை வளையம் (ஐலெட்) போட்டாலும் இதே கதைதான். அலுமினியக் கம்பியில் இந்தச் சண்டை இல்லை, ஆனால் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றில் நாளெல்லாம் ஆடி ஆடி முறியும்.

அதனால் தொங்கவிடுவதையே நிறுத்திவிடுவது நல்லது. 10 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி, அதாவது சுமார் 3.2 மி.மீ கனம், 74 செ.மீ வெட்டி, நடுவில் 8 செ.மீ குறுக்குப் பகுதி விட்டு இரண்டு காலையும் மடக்குங்கள். தகட்டின் மேல் 1.5 செ.மீ பகுதியைக் குறுக்குக் கம்பியில் சுற்றிக் குறடால் நசுக்கினால் தகடு ஆடாது. கால்களை 20 செ.மீ மண்ணுக்குள் இறக்குங்கள். தகடு மண்ணைத் தொடக் கூடாது. உவர்மண்ணிலும் கரிசலிலும் தொட்ட இடம் பொத்தல் விழும். ஜி.ஐ. மேலுள்ள துத்தநாகம் அலுமினியத்தோடு ஒத்துப்போகும். உவரி, இடிந்தகரை மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் அந்தத் துத்தநாகமே சீக்கிரம் போய்விடும். அங்கே சொட்டுநீர்ப் பாசனத்தின் 4 மி.மீ மைக்ரோ டியூபை வெட்டிக் குறுக்குக் கம்பியில் சொருகிவிட்டு, அதன்மேல் தகட்டை மாட்டுங்கள்.

மரத்தில்தான் கட்ட வேண்டும் என்றால் அடிமரத்தைச் சுற்றிக் கட்டாதீர்கள். மரம் பருக்கும், கம்பி பருக்காது. பட்டைக்குள் இறங்கிக் கழுத்தை நெரித்துவிடும். பக்கக் கிளையில், கிளைக் கனத்தைப் போல இரண்டு மடங்கு அகலமாக வளையம் விட்டு, வருஷத்துக்கு ஒருமுறை தளர்த்துங்கள். இந்தப் பராமரிப்பை நினைத்துத்தான் மண்ணில் கம்பிக்கால் ஊன்றும் வழியைப் பிடித்துச் சொல்கிறேன்.

எவர்சில்வர், சுடுமண், ஓலை

சீர்வரிசைச் சாமானில் பெயர் வெட்டித்தரும் பாத்திரக்கடை எந்த ஊரிலும் உண்டு. அதே மெஷினால் எவர்சில்வர்த் துண்டில் தமிழில், புள்ளி உட்பட, சுத்தமாக வெட்டித்தருவார்கள். பழைய தட்டு, மூடியைத் தகரக் கத்தரியால் வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவிக் கொண்டுபோனால் போதும். சுண்ணாம்பு, போர்டோ எதுவும் இதைத் தொடாது. போர்டோ பூசும் மரங்களுக்கும், கோயில் நந்தவனம், பள்ளிக்கூடம் மாதிரிப் பல வருஷம் கைமாறாத இடத்துக்கும் நானே இதைத்தான் சொல்வேன். குறை என்றால், வெட்டு ஆழம் குறைவு, மினுக்கமும் அதிகம். ஐந்தடி தள்ளி நின்றால் எழுத்து தெரியாது. கறுப்பு எனாமலைத் தேய்த்து மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் நிற்கும், ஆனால் அந்த எனாமலுக்கு அவ்வப்போது மறுபூச்சு வேண்டும். மலிவு ரக எவர்சில்வரில் கடற்கரைப் பக்கம் பழுப்புப் புள்ளி வரும். நாற்பது செடிக்கு வெட்டுக் கூலியும் சேர்த்துப் பாருங்கள், கணக்கு அலுமினியத்துக்கே சாயும்.

சுடுமண் பார்க்க மிக அழகு. காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்பவர்களிடம் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் பட்டை தட்டித்தரச் சொல்லி, மண் தோல்பதமாக இறுகும்போது மூங்கில் சிம்பால் எழுதி, நிழலில் உலர்த்திச் சூளையில் வைக்கக் கேட்கலாம். பட்டை காய்ந்து வேகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும், அதற்குத் தக்கபடி எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். மெலிசாக இருந்தால் கோணும். எழுத்துக்கு அழிவே இல்லை, ஆனால் மண்வெட்டி ஒருமுறை பட்டால் இரண்டு துண்டு. நிழலில் பாசி ஏறும், உப்புத்தண்ணீர் பாயும் இடத்தில் வெள்ளை பூத்து மேல்தோல் உதிரும். அவசரத்துக்கு ஒன்று செய்துகொள்ள முடியாது என்பதும் குறை. வீட்டு முற்றத்துத் தொட்டிகளுக்கு, மூலிகைப் பாத்திக்கு வைக்கலாம்.

பனை ஓலையை ஆசையாகக் கேட்பவர்கள் உண்டு. பதப்படுத்தாத ஓலை சுருளும். பதப்படுத்தி, கீறி, விளக்குக்கரி தேய்த்தாலும் ஐப்பசி மழைக்கும் கரையானுக்கும் நடுவில் தோட்டத்தில் ஒரு போகத்துக்கு மேல் நம்ப முடியாது. ஆடிப்பட்டக் காய்கறிப் பாத்திக்குச் சரி.

தகட்டில் ‘மா’ என்று மட்டும் எழுதுவது வீண். மா என்பது மரத்தைப் பார்த்தாலே தெரியும். ரகம், நட்ட மாதமும் வருஷமும், வாங்கிய இடத்துக்கு ஒரு குறி, மூலையில் வரிசை எண். அதே எண்ணைப் போட்டுத் தோட்டத்துப் படத்தை ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து வையுங்கள். பாபநாசம், குற்றாலம் பக்கம் குரங்கு பிடுங்கிப் போட்ட தகடு எந்தக் குழிக்கு உரியது என்று அதைப் பார்த்துத்தான் திரும்ப நட முடியும்.