ஒன்பது வருஷம் ஸ்கார்மோடு: 31-ஆவது ஸ்லைடில் நின்ற கோர்ஸ்

"1.2-ல எக்ஸ்போர்ட் பண்ணவா, 2004-லயா?" என்று போன வாரம் நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டான். ஆன்லைன் பயிற்சியை ஏற்றி, யார் எவ்வளவு முடித்தார் என்று கணக்கு வைக்கும் தளம்தான் எல்எம்எஸ். ஒரு கோர்ஸ் எந்த எல்எம்எஸ்ஸிலும் ஓடுவதற்கான பொது விதிமுறை ஸ்கார்ம், 1.2-உம் 2004-உம் அதன் இரண்டு தலைமுறைகள். ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து நான் ஒரு கோர்ஸின் குடலை உருவிக்கொண்டிருந்தேன். அந்தக் கடுப்பு தணியாமல்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

62 ஸ்லைடு உள்ள பாதுகாப்புப் பயிற்சி. ஒரு அம்மா 47-இல் நிறுத்திவிட்டு மறுநாள் திறந்தால் 31-இல் நிற்கிறது. மறுபடி 47 வரை தட்டிக்கொண்டு போய், மூடித் திறந்தால் மறுபடி 31. "நான் ஏதாவது தப்பா அமுக்குறேனா சார்?" என்று கேட்டார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு நாள் பிரவுசர் கன்சோலை வெறித்த பிறகுதான் பிடிபட்டது: சஸ்பெண்ட் டேட்டா.

எங்கே விட்டோம், எதைக் கிளிக் செய்தோம், எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னோம் என்று கோர்ஸ் எல்எம்எஸ்ஸிடம் கொடுத்துவைக்கும் துண்டுச்சீட்டு அது. 2001-இல் வந்த ஸ்கார்ம் 1.2 அந்தச் சீட்டுக்கு ஒதுக்கிய இடம் 4,096 எழுத்து. அன்றைக்கு அது தாராளம். கோர்ஸ் தயாரிக்கும் இன்றைய ஆத்தரிங் டூல்களோ ஒவ்வொரு பட்டனின் நிலையையும் அதில் திணிக்கின்றன. 31-ஆவது ஸ்லைடோடு சீட்டு நிரம்பிவிட்டது. அதற்கு மேல் வந்ததையெல்லாம் எல்எம்எஸ் 405 என்ற பிழை எண்ணோடு திருப்பியடித்தது. கோர்ஸ் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஆகவே பழைய சீட்டே தங்கிவிட்டது. விட்ட இடத்தை மட்டும் குறித்துவைக்க 255 எழுத்தில் தனி இடமே 1.2-இல் உண்டு. எங்கள் டூல் அதைச் சீண்டியதாகத் தெரியவில்லை. வரம்பு இருந்துவிட்டுப் போகட்டும், நிரம்பிவிட்டது என்று திரையில் ஒரு வரி சொல்லித் தொலைத்தால் என்ன?

கோர்ஸை இரண்டாக வெட்டி, வினாக்களைத் தனிப் பேக்கேஜாக்கிய பிறகுதான் அந்த அம்மா 32-ஐத் தாண்டினார்.

சரி, 2004-க்கு மாறிவிடலாமே? மூன்றாம் பதிப்பில் இதே சீட்டுக்கு 64,000 எழுத்து இடம். முடித்தாரா, தேறினாரா என்பதற்குத் தனித்தனி நிலையும் உண்டு, 1.2-இல் இரண்டும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும். ஆனால் 2004 என்பது ஒரே பொருள் இல்லை. அதன் இரண்டாம் பதிப்பில் 4,000 எழுத்துதான், 1.2-ஐ விடவும் குறைவு! எல்எம்எஸ் விற்பவர்கள் "2004 ஓடும்" என்பார்கள், எந்தப் பதிப்பு என்று கேட்டால் பேச்சு மாறும். எந்தப் பாடத்துக்குப் பின் எது என்று தீர்மானிக்கும் அதன் சீக்வென்சிங் விதிகளைப் பற்றி இன்னொரு நாள், நல்ல மனநிலையில் பேசுகிறேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். இந்த ஒன்பது வருஷத்தில் மூன்று எல்எம்எஸ் மாறிவிட்டோம். முதல் வருஷம் செய்த ஸ்கார்ம் கோர்ஸின் ஜிப் ஃபைல் ஒன்று, ஒரு புள்ளிகூட மாற்றாமல் மூன்றிலும் ஏறி ஓடியது, மதிப்பெண்ணும் ஒழுங்காகப் பதிவானது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எல்எம்எஸ்ஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் ஃபைல் ஜிப்பின் முதல் மட்டத்தில் இருந்தால் போதும். (ஃபோல்டரோடு சேர்த்து ஜிப் செய்து அனுப்பிவிட்டு "ஏறவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள் மாதம் ஒருவராவது வருகிறார்கள்.) உள்ளே ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் தொழில்நுட்பத்தை வைத்திருந்தவை 2020-ஓடு படுத்துவிட்டன, அந்தப் பழி ஸ்கார்முக்கு வராது. வேறு எந்த மென்பொருள் விஷயத்தில் இப்படி ஒரு நிம்மதி கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

நண்பனுக்கு "1.2, இருபது ஸ்லைடுக்கு மேல் போகாதே" என்று அனுப்பினேன். "இவ்வளவு திட்டிட்டு அதையேவா சொல்ற?" என்றான். ஆமாம். என் கம்ப்யூட்டரில் அதே பாதுகாப்புப் பயிற்சி, 2004 நான்காம் பதிப்பில் எக்ஸ்போர்ட் ஆகி, மூன்று நாளாகக் கிடக்கிறது. ஏற்றக் கை வரவில்லை.